மீனுக்கு ஊற்றிய தண்ணீர்

அல்வால்,
ஹைதராபாத்,
12 ஜூலை 2001

அன்புத் தம்பி நடேசனுக்கு,

அக்கா வசந்தி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் நின்றதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உன் மாமா விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காஞ்சன்பாக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்த மனுஷன், இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறி வந்தவர், இப்போது கூடத்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். காபி வேண்டுமா என்றால் தலை மட்டும் ஆடும். போன திங்கட்கிழமை அவர் பேசிய வார்த்தைகளை எண்ணினேன். ஒன்பது. அதில் நாலு பால்காரனுக்கு.

போன வாரம் திருமுல்கேரி பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மீன்தொட்டி. உள்ளே தட்டு மாதிரி வட்டமாக, நீலமாக நாலு மீன். இவர் அதன் முன்னால் உட்கார்ந்தவர், பெயர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. முறை போய்விட்டது. ஆட்டோவில் திரும்பி வரும்போது, "வசந்தி, அந்த மீனெல்லாம் எங்கேருந்து வருது?" என்றார். எட்டு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி, நடேசா. "சிங்கப்பூர்லேருந்தாம். நம்ம நடேசன் அங்கேதானே மீன் பொட்டலம் கட்டறான்" என்றேன்.

மறுநாள் காலையில் நாற்காலி திரும்பியிருந்தது. கையில் பென்சில். மாதாப்பூர் பக்கம் சாஃப்ட்வேர் பிள்ளைகள் புது ஃப்ளாட் வாங்கித் தொட்டி வைக்கிறார்களாம். சிங்கப்பூரிலிருந்து மீன் வரவழைத்து இங்கே விற்கலாம் என்கிறார். லாபம் வருமா, தெரியாது. இந்த மனுஷன் பேசவேண்டும், எனக்கு அவ்வளவுதான். உன் முதலாளியிடம் கேட்டு எழுது. நான் பஞ்சாங்கத்தில் நல்ல நாளாகப் பார்த்து வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா வசந்தி

---

சிங்கப்பூர்,
30 ஜூலை 2001

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி நடேசனின் வணக்கம். இருமல் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாமா பேசியதைப் படித்துவிட்டு ஏரோகிராமை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் இருக்கும் பண்ணையை நீ பார்த்ததில்லை. தகரக் கூரை, அதன் கீழே எழுநூறு தொட்டி. இங்கே மழை தினமும் வரும். கூரை மேல் மழை கொட்டும்போது எழுநூறு தொட்டியின் வெளிச்சமும் லேசாக ஆடும். அந்த நேரத்தில் நான் தண்ணீருக்கு வெளியே நிற்கிறேனா உள்ளே நிற்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. டைப்பிங் இன்ஸ்டிட்யூட், மருந்துக்கடை, கூரியர், பேக்கரி என்று நான் எதிலும் நிலைக்காமல் போனதில் பேட்டையில் 'நாலு நாள் நடேசன்' என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கை இங்கே மீனை எடுத்தால் மீன் துள்ளாது. இரண்டு நாள் பட்டினி போட்டு, பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்து, செய்தித்தாள் சுற்றி இருட்டாக்கி விட்டால் முப்பத்தாறு மணி நேரம் அது தூங்கிக்கொண்டே பறக்கும். இந்தப் பண்ணையில் என் கட்டுக்குத்தான் நல்ல பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அக்கா.

முதலாளியிடம் சொன்னேன். "உன் ஊரிலிருந்தே ஆர்டரா?" என்று முதுகில் தட்டினார். எனக்கு வேலை பெர்மிட் அடுத்த ஜூன் வரைதான். ஹைதராபாத் ஆர்டர் நின்று நிலைத்தால், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எழுதி இரண்டு வருஷம் நீட்டித் தருகிறேன் என்றார். மீன் ஏற்றும் நாளை நீயே குறித்துச் சொல்.

மாமாவுக்கு என் வணக்கம்.
நடேசன்

---

அல்வால்,
9 செப்டம்பர் 2001

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ சுகமா? நல்ல சேதியை முதலில் எழுத ஆசைதான். ஆனால் நீ கட்டி அனுப்பிய அறுபதில் உயிரோடு வீடு சேர்ந்தது பதினொன்று.

நீ கட்டியதில் குறையில்லை. குற்றம் என்னுடையது. ஆவணி வளர்பிறை வெள்ளி, தங்கமான நாள் என்று குறித்துக் கொடுத்தவள் நான். வெள்ளி சாயங்காலம் மீன் சென்னையில் இறங்கியது. சனி, ஞாயிறு கஸ்டம்ஸ் ஆபீஸ் விடுமுறை. க்ளியரிங் ஏஜென்ட் மாமாவைப் பார்த்து, "லீவு நாள்ல ஆபீசர் வரணும்னா முன்னாடியே எழுதிக் குடுத்துத் தனியா கட்டணம் கட்டணும் சார். உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றானாம். யார் சொன்னார்கள்? பஞ்சாங்கத்தில் அது போடவில்லை. நாளுக்கு இவ்வளவு என்று கிடங்கு வாடகை வேறு. திங்கள் மத்தியானம் விட்டார்கள். சார்மினார் எக்ஸ்பிரஸில் மாமா பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பின்கட்டில் சீதாப்பழ மரத்தடியில் குழி வெட்டினார். நாற்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக வைத்தார். செத்த பிறகும் அந்த நீலம் போகவில்லை, நடேசா. "இது நான் விட்ட இன்ஸ்பெக்ஷன், வசந்தி. பொருளைப் பாத்தேன், வழியைப் பாக்கலை" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே பேசினார். ஏன் செத்தது, எங்கே தாமதம், அடுத்த முறை எப்படி என்று சாப்பிடும்போதும் பேச்சு. நாற்பத்தொன்பது மீன் செத்த வீட்டில் நான் ஒருத்தி சந்தோஷமாக இருந்தேன். சாமி என்னை மன்னிக்கட்டும்.

இனிமேல் நாள் பார்க்கும் வேலை உன்னுடையது.

அக்கா வசந்தி

---

சிங்கப்பூர்,
27 செப்டம்பர் 2001

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாயிருக்க வேண்டும்.

இனி செவ்வாய்க்கிழமைதான். செவ்வாயில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. மீனுக்கு அது தெரியாது. புதன் காலை ஆபீஸ் திறந்திருக்கும், வியாழன் அது உன் வீட்டில் நீந்தும். அமெரிக்காவில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு சரக்குக் கட்டணத்தோடு ஏதோ பாதுகாப்புக் கட்டணம் என்று சேர்த்திருக்கிறார்கள். மாமாவிடம் சொல்லிவிடு.

தண்ணீர் விஷயம் முக்கியம். இந்த மீனுக்கு மழைத்தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீர் வேண்டும். சுண்ணாம்பும் உப்பும் இருந்தால் நிறம் மங்கி, மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல் செத்துப்போகும். நீங்கள் குடிக்கிற தண்ணீரில் நல்லதாகப் பார்த்து விடுங்கள்.

முதலாளி நாற்பத்தொன்பது செத்ததைக் கேட்டு, "ஆர்டர் நின்றுவிடுமா?" என்று கேட்டார். நிற்காது, எங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியாது என்றேன்.

நடேசன்

---

அல்வால்,
4 நவம்பர் 2001

அன்புத் தம்பிக்கு,

உன் செவ்வாய்க்கிழமை வாழ்க. எழுபதில் மூன்றுதான் போயிற்று. நாங்கள் சுகம், நீயும் சுகமாயிரு.

கூடத்தில் இப்போது ஏழு தொட்டி. நீ வந்தால் இது நம் வீடு என்று நம்பமாட்டாய். சுவர், கூரை, மாமாவின் வேட்டி, எல்லாவற்றின் மேலும் நீல வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. வருகிறவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நானும் மெல்ல நடக்கிறேன். மத்தியானம் கண்ணயர்ந்தால் கனவில் மீன் என் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன சொல்கிறது என்று கேட்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

கொண்டாப்பூரிலிருந்து ஷ்யாம், சௌம்யா என்று ஒரு ஜோடி வந்தது. இரண்டும் கம்ப்யூட்டர் கம்பெனி. பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். "அங்கிள், இதைப் பாத்தா டெட்லைன் எல்லாம் மறந்துபோகுது" என்றாள் அந்தப் பெண். மாமா அவளுக்கு மீன் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் குரல் கேட்க நன்றாக இருந்தது.

தண்ணீர்தான் பெரும்பாடு. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஏடு கட்டும், உனக்குத் தெரியும். அதை விட முடியாது. மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை தெருமுனைக் குழாயில் வருகிறது. வீட்டுக்கு இருபது குடம் கிடைக்கும். அதில் பதினெட்டு குடம் தொட்டிக்கே போய்விடும். சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை மாமா விசாரித்தார். ஒரு குடம் தருவதற்கு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுமாம். வேண்டாம் என்றேன். கையும் காலும் நன்றாகத்தானே இருக்கிறது. மாமா சென்னையிலிருந்து தண்ணீர் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்து காலை, மாலை ஏழு தொட்டியிலும் நாடி பார்க்கிறார்.

ஒன்று கேட்கவேண்டும். இந்த போர் தண்ணீரிலேயே சந்தோஷமாக இருக்கிற மீன் ஏதாவது உண்டா? இருந்தால் எழுது.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி.
அக்கா வசந்தி

---

சிங்கப்பூர்,
25 நவம்பர் 2001

பிரியமுள்ள அக்காவுக்கு,

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

போன வாரம் ஒரு அதிசயம் பார்த்தேன். உங்களுக்கு அனுப்புகிறேனே, அந்த டிஸ்கஸ் மீன் குஞ்சு பொரித்தது. ஊசிமுனை அளவு குஞ்சுகள். அவை என்ன சாப்பிடும் தெரியுமா? தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் ஒரு வழுவழுப்பு ஊறும். அதைத்தான் கொத்திக் கொத்திச் சாப்பிடும். நூறு குஞ்சும் தாயின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். தாய் களைத்தால் உடம்பை ஒரு உதறு உதறும். குஞ்செல்லாம் அப்படியே தகப்பன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நான் மதியச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி உன் வீட்டு ஆர்டரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். மாதம் ஒன்று தவறாமல் வரட்டும், மார்ச்சில் படிவம் அனுப்பிவிடலாம் என்கிறார். அடுத்த தடவை சிவப்புப் புள்ளி போட்ட ரகம் பத்து சேர்த்து அனுப்புகிறேன்.

தண்ணீரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

நடேசன்

---

அல்வால்,
17 ஜனவரி 2002

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. நீ என்ன சாப்பிட்டாய்?

வியாபாரம் கொஞ்சம் மந்தம். ஷ்யாமைக் கம்பெனியில் வேலை இல்லாமல் சும்மா உட்கார வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பெயர் பெஞ்சாம். "ஆன்ட்டி, கொஞ்ச நாள் எங்க மீனை நீங்களே வெச்சுக்கங்க" என்று கொண்டுவந்து விட்டுவிட்டான். அதையும் சேர்த்து எட்டுத் தொட்டி. மாமா சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

லோத்துகுண்டாவில் மீன்கடை வைத்திருக்கும் இர்ஃபான் வந்து தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனான். ஆம்பூர்க்காரன், நல்ல பிள்ளை. நிறையப் பேசினான். அதையெல்லாம் எழுத இதில் இடமில்லை.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை, விடு. இடுப்பில் லேசாகப் பிடிப்பு. குளிர்தான் காரணம். ஜூன் வரைக்கும் ஆர்டர் தவறாது என்று உன் முதலாளியிடம் சொல்.

அக்கா வசந்தி

---

சிங்கப்பூர்,
16 பிப்ரவரி 2002

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஏன் இத்தனை சின்னது? இடுப்புவலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு. மாமாவை ஒரு குடமாவது தூக்கச் சொல்.

இங்கே சீனப் புத்தாண்டு. பண்ணை மூன்று நாள் மூடியிருந்தது. தீனி போட நான் மட்டும் இருந்தேன். எழுநூறு தொட்டியும் நானும். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தொட்டியாகப் போய் நின்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். தாளில் வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய் எண்பது மீன் ஏற்றுகிறேன். படிவத்தில் முதலாளி முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நடேசன்

---

அல்வால்,
20 மார்ச் 2002

அன்புள்ள நடேசனுக்கு,

மாமா குணசேகரன் எழுதுவது. உனக்கு என் ஆசிகள். வசந்திக்கு இப்போது ஆபத்தில்லை. இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே படி.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எழுதியதெல்லாம் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மார்ச் 11, திங்கள், காலை ஆறரை. குழாயடியில் வசந்தி குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தொட்டிக்கு மீட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். தெருப் பெண்கள் கூவின பிறகுதான் ஓடினேன். வாந்தி, வியர்வை, பேச முடியவில்லை. திருமுல்கேரி நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் கல். வலப்பக்கம் ஒன்று சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டது. இடப்பக்கமும் இருக்கிறது. வலப்பக்கக் கல்லை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் அவளிடம், "ஒரு ரோஜுக்கு எத்தனை தம்ளர் தண்ணி குடிப்பீங்கம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "மூணு, நாலு" என்றாள்.

"கைக்கு? ஏன் இவ்ளோ கம்மி, இந்த வெயில்ல?"

"நல்ல தண்ணி தொட்டிக்குப் போயிடும் டாக்டர். போர் தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்குது. அதான்."

நான் வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் இரண்டு குடம் இருந்தது. என் தட்டுக்குப் பக்கத்தில் மூடி வைத்தது மஞ்சீரா. அடுப்புக்குப் பின்னால் இருந்தது போர் தண்ணீர், அவளுடையது. இரண்டிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வந்த எண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை. எட்டுத் தொட்டிக்கும் காலை, மாலை வைத்தவன், ஆறு மாதத்தில் ஒரு நாள் என் வீட்டுக் குடத்தில் வைக்கவில்லை. விமானக் கூலி, வரி, கிடங்கு வாடகை, செத்த மீன், கரண்ட் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. இவள் தாகம் அதில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

இனிமேல் மீன் அனுப்பாதே. இதைச் சொன்னதும் அவள் படுக்கையிலிருந்தே, "நக்கோ, நிறுத்தாதீங்க. ஜூன் வரைக்கும் ஓட்டிடலாம்" என்கிறாள். ஏன் ஜூன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

குணசேகரன்

---

சிங்கப்பூர்,
3 ஏப்ரல் 2002

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ எழுந்து நடக்கிறாயா? வலி இருக்கிறதா? தண்ணீர் குடிக்கிறாயா? மூன்றுக்கும் மாமாவையாவது பதில் எழுதச் சொல்.

ஏன் ஜூன் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. என் பெர்மிட் முடிவது ஜூனில். அதற்காகத்தான் நீ குடம் தூக்கினாய்.

இப்போது நான் சொல்லவேண்டியது. நவம்பரில் நீ கேட்டாயே, போர் தண்ணீரில் வாழும் மீன் உண்டா என்று. உண்டு. ஆப்பிரிக்காவில் ஒரு ஏரி. அதன் தண்ணீர் நம் அல்வால் தண்ணீரைவிடக் கடினமாம். அந்த ஏரி மீன் மஞ்சளும் நீலமுமாக அவ்வளவு அழகாக இருக்கும். உன் கேள்வியைப் படித்த அந்த நிமிஷமே அது என் கண் முன்னால் நீந்தியது. எங்கள் பண்ணையில் அது இல்லை, அடுத்த பண்ணையில் இருக்கிறது. சொன்னால் நீங்கள் அங்கே போய்விடுவீர்கள். சுவரில் இருக்கும் ஹைதராபாத் அழிந்துபோகும். முதலாளிக்கு நான் எதற்கு? அதனால் குஞ்சு சாப்பிடும் கதையை எழுதி உன் கேள்வியை மூடினேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தபால்பெட்டியிடம் திரும்பிப் போகவில்லை.

உன் உடம்பைத் தின்றவன் நான்தான், அக்கா.

நேற்று முதலாளியிடம் ஹைதராபாத் இனி இல்லை என்று சொல்லிவிட்டேன். திட்டவில்லை. ஈரத் துணியால் சுவரில் இருந்ததைத் துடைத்தார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜூன் நடுவில் கிளம்புகிறேன். மறுபடியும் நாலு நாள் நடேசனாகத்தான் வருவேன். உன் வீட்டுக்கு வரலாமா என்று நீ எழுதினால்தான் வருவேன்.

நடேசன்

---

அல்வால்,
26 மே 2002

தம்பி நடேசனுக்கு,

எழுந்து நடக்கிறேன். வலி இல்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தம்ளர் குடிக்கிறேன்; குறைந்தால் உன் மாமா வாட்ச்மேன் மாதிரி வந்து நிற்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

ஏழு வாரமாக உனக்கு எழுதவில்லை. தாளை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். பலவீனம் என்று மாமா நினைத்தார். கோபம்.

எதற்குக் கோபம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஏரி மீன் விஷயம் எனக்கு ஜனவரியிலேயே தெரியும். இர்ஃபான் வந்த அன்று தொட்டியைப் பார்த்து, குடத்தைப் பார்த்து, "கைக்கு அக்கா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஆப்பிரிக்கா ஏரி மீன் வாங்கிப் போடுங்க. இந்த போர் தண்ணியில ஜம்முனு இருக்கும். சென்னை கொளத்தூர்லயே பொரிச்சு வளக்கறாங்க. கப்பல் நக்கோ, பிளேன் நக்கோ" என்றான். மாமா அப்போது கடைக்குப் போயிருந்தார். "ஹவ், சரி, யோசிக்கலாம் தம்பி. அவர்கிட்ட மட்டும் இப்போ சொல்லாதே" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். நீ இரண்டு வருஷம் நிலைக்கவேண்டும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் குடம் தூக்கினால் என்ன தேய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

இந்த மீன் விஷயம் உனக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு கேட்காமல் அதையே வாங்கிக்கொள் என்று எழுதிவிடுவாய், பெர்மிட் போய்விடும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்துப் பார்த்து எழுதினேன். இடுப்பு வலித்தபோது குளிர் என்றேன். நீயோ தெரிந்துகொண்டே அங்கே உட்கார்ந்திருக்கிறாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பைத்தியக்காரி மாதிரி மறைத்தேன், நடேசா. அது கல்லைவிட அதிகமாக வலித்தது. நீ கேட்டிருந்தால் போதும். "அக்கா, ஜூன் வரைக்கும் தூக்கு" என்று ஒரு வரி. திட்டிக்கொண்டே தூக்கியிருப்பேன். தூக்கும்போது தாகத்தைப் பற்றி உன்னிடமாவது புலம்பியிருப்பேன்.

உன் மாமாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்கு உயிரே போயிற்று. கடைசியில், "ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்றார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். இப்போது தண்ணீர் பிடிப்பது அவர்தான். பெண்களோடு வரிசையில் நின்று தெலுங்கில் வம்பு பேசுகிறார். வரும் இருபது குடமும் குடிக்கவும் சமைக்கவும்தான்.

டிஸ்கஸ் எல்லாவற்றையும் இர்ஃபான் வழியாக நல்ல தண்ணீர் இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. கடைசி ஜோடி போன அன்று கூடத்தில் யாரோ ஊருக்குப் போன மாதிரி இருந்தது. இப்போது கொளத்தூர் மீன் நான்கு தொட்டியில் இருக்கிறது. மஞ்சள், நீலம், சரியான சண்டைக்கார ஜாதி. என் கனவில் இப்போது மீன் வருவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்படிக் கேட்டதற்கு வேண்டுமானால் இன்னொரு ஏழு வாரம் கோபித்துக்கொள்வேன். இது உன் வீடு. வந்ததும் இரண்டு நாள் உன்னோடு பேசமாட்டேன், அதற்குத் தயாராக வா. மூன்றாம் நாள் பேசுவேன்.

வரும்போது மீன் எதுவும் கொண்டுவராதே. கையை வீசிக்கொண்டு வா.

அக்கா வசந்தி